பத்தாம் வகுப்புத் தம்பியும் கேரம் பலகையும்: ஊக்கம் பற்றி உளவியல் சொல்வது

காசிமேட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்கிறார். இவர் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். தம்பி பத்தாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் 19 மதிப்பெண். முழுத் தேர்வில் 400-க்கு மேல் எடுத்தால் செல்போன் வாங்கித் தருவதாக அக்கா சொன்னதும் இரண்டு வாரம் விழுந்து விழுந்து படித்தான். அதன் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. ஆனால் தெருமுனைக் கேரம் கிளப்பில் இரவு பத்தரை மணி வரை நிற்கிறான். சரியாக விழாத ஒரே ஷாட்டை நாற்பது ஐம்பது முறை அடித்துப் பார்க்கிறான். “இவனுக்கு ஊக்கமே கிடையாதா? ஊக்கம், சாதனை பற்றி உளவியலில் என்னென்ன கோட்பாடுகள் இருக்கின்றன? அவற்றில் எது எங்கள் வீட்டுக்கு உதவும்?” என்று கேட்கிறார்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியில் உளவியல் கற்பிப்பவன் நான். மாலை நேரத்தில் தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருகிறவன். அந்த இரண்டு அனுபவத்தையும் சேர்த்துத்தான் பதில் சொல்கிறேன். முதலில், உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. விழாத ஷாட்டை ஐம்பது முறை அடித்துப் பார்க்கும் பையனை ஊக்கம் இல்லாதவன் என்று எந்தக் கோட்பாடும் சொல்லாது. தோல்வியைப் பொறுத்துக்கொள்வது, தவறைக் கவனிப்பது, அடுத்த அடியில் திருத்துவது, யாரும் சொல்லாமலே மறுபடி தொடங்குவது ஆகிய எல்லாம் அவனிடம் இருக்கின்றன. அவை கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் ஏன் வருவதில்லை என்பதுதான் நாம் விசாரிக்க வேண்டியது. ஊக்கத்தைப் பற்றிய உளவியல் ஆய்வும் ஏறத்தாழ இதே வழியில்தான் நகர்ந்து வந்திருக்கிறது. ஒருவருக்குள் ஊக்கம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கத் தொடங்கியவர்கள், அது எந்தச் சூழலில் எழுகிறது, எந்தச் சூழலில் அடங்குகிறது என்று கேட்பதற்கு வந்து சேர்ந்தார்கள்.

அளக்கத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஹென்றி முர்ரே. மனிதர்களுக்கு உள்ள தேவைகளை 1938-இல் பட்டியலிட்டபோது, கடினமானதைச் செய்து முடிக்க வேண்டும், நேற்றையதைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்ற உந்துதலை அவர் தனித் தேவையாகக் குறித்தார். தமிழ்ப் பாடநூல்களில் இதை அடைவூக்கம் என்கிறோம். டேவிட் மெக்கிலிலாண்ட் இதை வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டார். தெளிவில்லாத படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொல்வார்கள். சொல்லும் கதையில் முயற்சி, தடை, இலக்கு, மேம்பாடு ஆகியவை எத்தனை முறை தலைகாட்டுகின்றன என்று எண்ணி மதிப்பிடுவார்கள். இந்த ஊக்கம் பிறவியிலேயே அமைந்துவிடுவதில்லை, பயிற்சியால் வளர்க்கலாம் என்பதைச் சோதிக்க அவர் வந்து சேர்ந்த இடம் நமக்கு அருகில்தான் இருக்கிறது. 1964-இல் ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறுதொழில் முனைவோருக்கு அவரும் டேவிட் விண்டரும் பயிற்சி அளித்தார்கள். பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டபோது, பயிற்சி பெற்றவர்கள் அடுத்த ஆண்டுகளில் புதிய தொழில்களில் அதிகமாக இறங்கினார்கள். சில இனத்தாருக்குத்தான் தொழில் புத்தி உண்டு என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய விஷயம்.

மெக்கிலிலாண்டோடு பணியாற்றிய ஜான் அட்கின்சன் 1957-இல் வைத்த ஒரு சிறிய பெருக்கல் கணக்குதான் என் மாணவர்களுக்கு நான் மிகவும் விரும்பிச் சொல்லித் தரும் பகுதி. எளிதான வேலையில் வெல்வதால் பெருமை குறைவு. கடினமான வேலையில் வென்றால் பெருமை அதிகம், ஆனால் வெல்லும் வாய்ப்பு குறைவு. ஒன்றிலிருந்து வெல்லும் வாய்ப்பைக் கழித்தால் வருவதே வெற்றியின் மதிப்பு என்று அவர் வைத்துக்கொண்டார். பத்துக்கு ஒன்பது முறை வெல்லக்கூடிய வேலையில் வாய்ப்பு 0.9, வெற்றியின் மதிப்பு 0.1, பெருக்கினால் 0.09. பத்துக்கு ஒருமுறை மட்டுமே வெல்லக்கூடியதிலும் அதே 0.09தான் வருகிறது. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள வேலையில் மட்டும் அது 0.25 ஆகிறது. அதாவது, வெற்றியை நாடும் மனம் நடுத்தரமான சவாலிடம்தான் அதிகமாக இழுக்கப்படும். வளையம் எறியும் விளையாட்டில், எங்கிருந்து எறிவது என்பதை ஆட்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுப் பார்த்தபோது, அடைவூக்கம் மிகுந்தவர்கள் கம்பத்தை ஒட்டியும் நிற்கவில்லை, எட்டாத தூரத்துக்கும் போகவில்லை. சற்று முயன்றால் விழக்கூடிய இடத்தில் நின்றார்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. தோல்விக்கு அஞ்சும் மனத்துக்கு இதே நடுத்தரச் சவால்தான் மிகவும் வலிக்கும் இடம். எல்லோரும் செய்துவிடும் வேலையில் தோற்க வாய்ப்பில்லை. யாராலும் முடியாததில் தோற்றால் அவமானமில்லை. ஆகவே அவர்கள் இரண்டு ஓரங்களுக்கு ஒதுங்குகிறார்கள். என் படிப்பகத்தில் இதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஏற்கெனவே தெரிந்த வாய்ப்பாட்டையே அழகாக எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை ஒரு பக்கம்; 180 வாங்கிவிட்டு “அடுத்த தேர்வில் 480 எடுக்கிறேன் சார்” என்று சொல்லும் பிள்ளை மறுபக்கம். இருவரையும் வெவ்வேறு ரகம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். இரண்டுமே ஒரே அச்சத்திலிருந்து வருபவை.

உங்கள் தம்பி கேரம் பலகையில் என்ன செய்கிறான் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நேராகப் பாக்கெட்டுக்கு எதிரே நிற்கும் காயினை அவன் பழகுவதில்லை. அது எப்படியும் விழும். சற்றே சாய்ந்து நிற்கும் காயினைத்தான் எடுத்து வைக்கிறான். ஸ்ட்ரைக்கரை அரை விரல் நகர்த்துகிறான். சிவப்புக் காயினைப் போட்டுவிட்டு, உடனே அடுத்துப் போட வேண்டிய ஃபாலோவுக்கு எந்தக் காயின் கைக்கு வரும் என்று முன்பே பார்த்து வைக்கிறான். அட்கின்சன் சொன்ன அந்த நடு இடத்தை அவன் தானாகவே கண்டுபிடித்திருக்கிறான். கணக்கில் 19 வாங்கியவனிடம் நீங்கள் வைத்த இலக்கு ஐந்து பாடத்திலும் சேர்த்து 400. அந்த எண்ணுக்கும் அவன் நிற்கும் இடத்துக்கும் இடையில் எத்தனை படி இருக்கிறது என்று யாரும் அவனுக்குக் காட்டவில்லை. முதல் இரண்டு வாரம் ஆசையில் ஓடினான்; பிறகு அவனே கணக்குப் போட்டு, எட்டாது என்று கண்டுகொண்டான். அப்படிக் கண்டுகொண்டதில் அவன் பிழை எதுவும் இல்லை.

அட்கின்சனின் பெருக்கல் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் விரித்தார்கள். ஜாக்குலின் எக்கிள்சும் அவருடன் பணியாற்றியவர்களும் 1983-இல் முன்வைத்த எதிர்பார்ப்பு–மதிப்புக் கோட்பாட்டில், “என்னால் முடியுமா?” என்ற கேள்விக்குப் பக்கத்தில் “இது எனக்கு எதற்கு?” என்ற கேள்வியும் நிற்கிறது. பிடித்திருக்கிறதா, பயன்படுமா, என் அடையாளத்தோடு பொருந்துகிறதா, இதற்காக எதை இழக்க வேண்டும் என்ற நான்கையும் மனம் எடை போடுகிறது. கடைசியில் சொன்ன இழப்பை வசதியான வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். விடிகாலை மூன்று மணிக்கு அம்மாவுக்குக் கூடை தூக்கிக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைக்கு, மாலையில் ஒரு மணி நேரப் படிப்பின் விலை மற்றப் பிள்ளைக்கு இருப்பதைவிடக் கூடுதல்.

இப்போது, “என்னால் முடியுமா?” என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை எங்கிருந்து விடை எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். தனக்கு நடந்ததற்கு அது என்ன காரணம் சொல்லிக்கொள்கிறதோ, அதிலிருந்து எடுக்கிறது என்றார் பெர்னார்ட் வைனர். காரணம் எனக்குள் இருக்கிறதா வெளியில் இருக்கிறதா, மாறுமா மாறாதா, என் கைக்குள் இருக்கிறதா இல்லையா என்று மூன்று விதமாக அவர் காரணங்களைப் பிரித்தார். “நான் இந்தப் பாடத்தைப் பழகவில்லை” என்பது உள்ளே இருக்கும், மாறக்கூடிய, கைக்குள் அடங்கும் காரணம். “நமக்கெல்லாம் கணக்கு வராது” என்பது உள்ளே இருக்கும், மாறாத, கைக்குள் அடங்காத காரணம். இரண்டும் ஒரே 19 மதிப்பெண்ணைத்தான் விளக்குகின்றன. முதலாவதைச் சொல்பவன் நாளைக்கு உட்காருவான். இரண்டாவதைச் சொல்பவன் உட்கார்ந்து என்ன பயன் என்பான். இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிள்ளைகள் பெரும்பாலும் தாமாகக் கண்டுபிடிப்பதில்லை. வீட்டில் ஒருவர் சொல்லக் கேட்டிருப்பார்கள். “எனக்கும் கணக்கு வராது, அவனுக்கும் வரலை” என்று ஆறுதலாகச் சொல்லும் அப்பாக்களிடம் நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது, தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள் என்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு மாணவி படிப்பகத்துக்கு வந்தாள். அரையாண்டில் கணக்கு 22. விடைத்தாளை நான்காக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்கு அடியில் வைத்திருந்தாள். கேட்டும் எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை. கடைசியில் எடுத்தாள். “கிடைத்த 22 இருக்கட்டும், போன 78 எங்கே போனது என்று பார்ப்போம்” என்று சிவப்புப் பேனாவை அவள் கையிலேயே கொடுத்தேன். வடிவியலும் வரைபடமும் தலா எட்டு மதிப்பெண். இரண்டையும் தொடவே இல்லை, அதில் 16 போயிற்று. எழுதிய கணக்குகளில் 27 மதிப்பெண் போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: சமன்பாட்டில் ஓர் உறுப்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது மைனஸ் குறியை மாற்ற மறந்திருந்தாள். மீதி 35 வெற்றிடம். அவள் அந்த மைனஸ் குறிகளை ஒவ்வொன்றாக வட்டமிட்டாள், ஒன்பதாவது வட்டம் போட்டபோது நிமிர்ந்து, “எல்லாம் ஒரே தப்புதானா சார்?” என்றாள். வைனரின் கோட்பாட்டை நான் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன்; அது ஒரு பிள்ளையின் முகத்தில் நடப்பதை அன்றுதான் அவ்வளவு அருகில் பார்த்தேன். கணக்கு வராது என்பது போய், குறி மாற்ற மறக்கிறேன் என்பது வந்தது. அடுத்த நாள் அவளே முன்னதாக வந்து உட்கார்ந்திருந்தாள்.

என்ன செய்தாலும் பலன் மாறாது என்று பட்டுவிட்டால் உயிர்கள் முயற்சியையே கைவிடும் என்பதை மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967-இல் நாய்களைக் கொண்டு காட்டினார்கள். தப்பிக்க வழியில்லாமல் மின்னதிர்ச்சி பெற்ற நாய்கள், பிறகு ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற இடத்திலும் பல வேளைகளில் படுத்தே கிடந்தன. இதைக் கற்ற கையறுநிலை என்பார்கள். கொடுமையான சோதனைதான், இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் இதன் பிற்பகுதி பலருக்கும் தெரியாது. மூளையைப் பற்றிய பல ஆண்டு ஆய்வுகளுக்குப் பிறகு 2016-இல் இதே இருவரும் தங்கள் பழைய விளக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொண்டார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப் போவதை உயிர் கற்றுக்கொள்வதில்லை, அது இயல்பாகவே நிகழ்வது; கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது “என் செயலால் இது மாறும்” என்பதைத்தான் என்றார்கள். ஐம்பது ஆண்டுக்காலப் புகழைத் தந்த கருத்தைத் தாமே திருத்திய அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். நமக்கு இதனால் கிடைப்பது என்னவென்றால், சோர்ந்து கிடக்கும் பிள்ளையிடம் ஏதோ கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. தன் கையால் ஒன்று மாறியது என்ற அனுபவம் அந்தப் பாடத்தில் அவனுக்கு இன்னும் போதிய அளவு கிடைக்கவில்லை என்று கொள்ள வேண்டும்.

ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் சொன்ன தன்திறன் நம்பிக்கையும் இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்துவிட முடியும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார் அவர்: தானே செய்து பார்த்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அப்போது இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதே வலுவானது. நம் வீடுகளில் நாம் அள்ளி வழங்குவதோ, மூன்றாவதான ஊக்கச் சொல்லை. இரண்டாவதில் “தன்னைப் போன்ற” என்பதுதான் உயிர்நாடி. உங்கள் தம்பியின் கேரம் ஆர்வத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இருமுறை உலகச் சாம்பியனாகி, 1996-இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டைப் பக்கத்துச் செரியன் நகரில் வளர்ந்த, ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவர் நடந்த தெருவில்தான் இவனும் நடக்கிறான். கணக்கில் தேறி வந்த ஓர் அண்ணனையோ அக்காவையோ அதே தெருவில் அவன் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான்? வேறு ஊர்ப் பணக்காரச் சாதனையாளரின் படத்தைச் சுவரில் ஒட்டுவதைவிட, போன ஆண்டு கணக்கில் தவறித் துணைத்தேர்வில் தேறிய பக்கத்து வீட்டுப் பையனை அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசவிடுவது அதிகப் பயன் தரும்.

செல்போனுக்கு வருகிறேன். 1971-இல் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களுக்குச் சுவையான கட்டைப் புதிர்களைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு, தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் 1 டாலர் கொடுத்துவிட்டு, பிறகு பணத்தை நிறுத்தினார். ஓய்வு நேரத்தில் அந்தக் குழு புதிரைத் தொடுவது குறைந்தது. மார்க் லெப்பரும் உடனிருந்தவர்களும் 1973-இல் மழலையர் பள்ளியில் இதைவிடத் தெளிவாகக் காட்டினார்கள். படம் வரைய விரும்பும் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது பகுதியினருக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து, பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசு பேசி வரைந்த பிள்ளைகள் தங்கள் நேரத்தில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களும் ஒன்றும் பெறாதவர்களும் 17 முதல் 18 சதவீதம் வரை செலவிட்டார்கள். டெசியும் ரிச்சர்ட் ரயனும் இதிலிருந்து தன்னிர்ணயக் கோட்பாட்டை வளர்த்தார்கள். தானே தேர்ந்து செய்கிறேன் என்ற உணர்வு, எனக்குக் கைவருகிறது என்ற உணர்வு, எனக்கு இவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு ஆகிய மூன்றும் கிடைக்கும் இடத்தில் உள்ளார்ந்த ஊக்கம் தழைக்கும் என்பது அதன் சாரம். கேரம் கிளப்பில் மூன்றும் அவனுக்குக் கிடைக்கின்றன. யாரும் கூப்பிட்டு அனுப்புவதில்லை, ஒவ்வொரு வாரமும் கை தேறுகிறது, நல்ல ஷாட் விழுந்தால் சுற்றி நிற்கும் அண்ணன்மார் “சூப்பர்டா” என்கிறார்கள்.

அதற்காகப் பரிசு என்றாலே நஞ்சு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஏற்கெனவே பிடித்த ஒன்றுக்குப் பரிசு பேசுவதுதான் ஆர்வத்தைத் தின்கிறது. கணக்கின் மேல் அவனுக்குத் தின்பதற்கு அவ்வளவு ஆர்வம் இப்போது இல்லை. இங்கே வேறொரு பிழை நடந்திருக்கிறது. பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃப்ரையர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நகரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண்ணுக்குப் பணம் கொடுத்த நியூயார்க், சிகாகோ பள்ளிகளில் படிப்பு மேம்படவில்லை. டல்லாஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படித்து முடித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் 2 டாலர் கொடுத்தார்கள். அங்கே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் உயர்ந்தது. மதிப்பெண்ணை உயர்த்துவது எப்படி என்று தெரியாத பிள்ளையிடம் அதற்குப் பரிசு வைத்து என்ன பயன்? ஒரு புத்தகத்தைப் படித்து முடிப்பது எப்படி என்பது அவனுக்குத் தெரியும். நீங்கள் 400-க்கு வைத்த பரிசை, அவன் கையால் செய்யக்கூடிய வேலைக்கு வைத்திருக்க வேண்டும்.

இலக்கு வைப்பதைப் பற்றி எட்வின் லாக்கும் கேரி லேத்தமும் செய்த வேலை இதற்குத் துணையாக நிற்கிறது. 1975-இல் வெளியான ஓர் ஆய்வில், மரம் ஏற்றும் லாரி ஓட்டுநர்கள் சட்டம் அனுமதிக்கும் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். “முடிந்தவரை ஏற்றுங்கள்” என்பதை விட்டுவிட்டு “94 சதவீதம்” என்று எண்ணைச் சொன்னதும், சில மாதங்களில் அந்த அளவை ஏறத்தாழ எட்டினார்கள்; சம்பளம் கூடவில்லை. “நல்லாப் படிடா” என்று நாம் நாளெல்லாம் சொல்வது “முடிந்தவரை ஏற்று” என்பதுதான். ஆனால் அந்த ஓட்டுநர்களுக்கு லாரியில் ஏற்றத் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. வேலையே கைவராத நிலையில் பெரிய எண்ணை இலக்காக வைத்தால் பதற்றம்தான் மிஞ்சும். அப்போது எதைக் கற்பது என்பதே இலக்காக இருக்க வேண்டும். எப்போது, எங்கே என்பதையும் சேர்த்துத் தீர்மானித்துக்கொண்டால் எண்ணம் செயலாகும் வாய்ப்பு கூடுகிறது என்பது பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியது. “தேநீர் குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் இரண்டு ஒரு மதிப்பெண் வினா” என்ற அளவுக்கு அது துல்லியமாக இருக்கலாம்.

கேரல் டுவெக்கின் வளர்மனப்பான்மை, அதாவது திறமை உழைப்பால் வளரும் என்று நம்பும் மனநிலை, பற்றி ஆசிரியர் பயிற்சிகளில் இப்போது அதிகம் பேசுகிறார்கள். 1998-இல் அவரும் கிளாடியா முல்லரும் செய்த சோதனையில், “நீ புத்திசாலி” என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், எளிய புதிர்களுக்கு ஒதுங்கினார்கள்; ஒரு கடினமான தோல்விக்குப் பிறகு அவர்களுடைய முயற்சியும் குறைந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். இதை நான் மதிக்கிறேன். ஆனால் 2019-இல் அமெரிக்காவில் சுமார் 12,000 மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், வளர்மனப்பான்மையைக் கற்றுத்தரும் சிறு இணையவழிப் பயிற்சியால், பின்தங்கிய மாணவர்களின் தரப்புள்ளி நான்கு புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ 0.1 மட்டுமே உயர்ந்தது. சிறிய, உண்மையான பலன். சுவரொட்டி ஒட்டியதும் பள்ளி மாறிவிடும் என்று நம்ப அதில் இடமில்லை.

இதுவரை சொன்ன பெரும்பாலான ஆய்வுகள் வசதியான நாட்டில், வயிறு நிறைந்த பிள்ளைகளிடம் நடந்தவை. வடசென்னைக்கு அவற்றைக் கொண்டுவரும்போது வேறு மூன்று ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். முதலாவது நம் மண்ணிலேயே நடந்தது. செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷஃபீரும் உள்ளிட்ட குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். கையில் காசில்லாத நாட்களில் அதே மனிதர்கள் சிந்தனைச் சோதனைகளில் குறைவாகச் செய்தார்கள்; பணம் வந்த பின் நன்றாகச் செய்தார்கள். ஆய்வு முறை பற்றிப் பிறகு விவாதம் எழுந்தாலும், பணக்கவலை அறிவின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது என்ற அடிப்படை எனக்கு நம்பத்தக்கதாகவே படுகிறது. உங்கள் வீட்டுக்கு இதன் பொருள் வெளிப்படையானது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகு கரையில் நிற்கும் அந்த நாட்களின் முடிவில்தான் பள்ளி திறக்கிறது, நோட்டுப் புத்தகமும் சீருடையும் வாங்க வேண்டியிருக்கிறது. ஜூனில் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை மந்தமாக இருந்தால் அதைச் சோம்பல் என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டாவதில், கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமப் பள்ளி மாணவர்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். யாருடைய சாதியும் சொல்லப்படாதபோது இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தீர்த்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் சாதியை அறிவித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்கள் தீர்த்த எண்ணிக்கை குறைந்தது. அதே கை, அதே அறிவு, அதே புதிர். நேர்காணலில் “எந்த ஏரியா?” என்ற கேள்விக்கு வியாசர்பாடி என்று சொல்லத் தயங்கி, பெரம்பூர் என்று சொல்லிவிட்டு வந்து என்னிடம் குறுகிப்போய் நின்ற பட்டதாரிகளை எனக்குத் தெரியும். ஊக்கத்தை அந்த இளைஞர்களிடம் மட்டும் தேடுவது நியாயமாகாது.

மூன்றாவது ஆய்வை, உங்கள் செல்போன் வாக்குறுதிக்குத் திரும்பும் முன் சொல்லியாக வேண்டும். இப்போது ஓர் இனிப்பு, காத்திருந்தால் இரண்டு என்ற சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காத்திருக்கும் பிள்ளை பிற்காலத்தில் முன்னேறும் என்று அதை வைத்துப் பேசுவார்கள். செலஸ்ட் கிட் குழுவினர் 2013-இல் அதற்கு முன்னால் ஒரு படியைச் சேர்த்தார்கள். நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருவதாகச் சொல்லிச் சென்ற பெரியவர், பாதிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார். மீதிப் பிள்ளைகளிடம், மன்னித்துக்கொள், கிடைக்கவில்லை என்றார். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் இனிப்புக்காகச் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடத்தில் எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். பொறுமையில்லாதது போலத் தெரிந்தது, யாரை நம்பலாம் என்ற சரியான கணிப்பு.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது இது. காலாண்டு விடைத்தாளை எடுத்து வைத்து, போன 81 மதிப்பெண் எங்கே போனது என்று அவன் கையாலேயே பிரிக்கச் சொல்லுங்கள். நீங்கள் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16, ஆக 30. தேர்ச்சிக்குத் தேவை 35. 19-இலிருந்து அந்த 35 வரையிலான தூரம்தான் இப்போது அவன் வளையம் எறிய வேண்டிய தூரம். இந்த வாரம் வரைபடக் கணக்கு மட்டும், அதையும் ஷாட் பழகுவதைப் போல ஒரே மாதிரிக் கணக்கை நான்கைந்து முறை. எந்த மாதிரியை முதலில் எடுப்பது என்பதை அவன் தேர்ந்தெடுக்கட்டும். கேரம் கிளப்புக்குப் போவதைத் தண்டனையாக நிறுத்தாதீர்கள். முயன்றால் கைவரும் என்பதை அவன் கற்றுக்கொண்ட ஒரே பள்ளிக்கூடம் இப்போதைக்கு அதுதான். வேண்டுமானால் திரும்பும் நேரத்தை ஒன்பதரை என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

செல்போன் பேச்சை அப்படியே மறந்துபோகவும் விடாதீர்கள். 400 என்று நான் வைத்தது தவறு, உன்னால் முடியாது என்பதற்காக மாற்றவில்லை, படி தெரியாமல் உச்சியைக் காட்டிவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக, அவன் முடிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் சிறிதாக ஒன்று பேசுங்கள். ஒரு புதிய ஸ்ட்ரைக்கர், ஒரு டப்பா போர்டு பவுடர் என்று உங்கள் சம்பளத்துக்குள் அடங்குவதாக இருக்கட்டும். சனிக்கிழமை தருவதாகச் சொன்னால், அப்பாவின் படகு வந்தாலும் வராவிட்டாலும், அந்தச் சனிக்கிழமை மாலை அது அவன் கையில் இருக்க வேண்டும்.